எருக்கூடை, டிரெய்லர், அப்புறம் கருகிப்போன பத்து செடி

ஊருக்குப் போயிட்டு வந்தா ஒரு பதிவு தேத்தியே ஆகணும்ங்கிறது நம்மாளுங்களோட எழுதப்படாத சட்டம். சட்டத்தை மதிக்கிறவன்ங்கிற முறையில இதோ பதிவு. விஷயம் எரு. ஆமாங்க, சாணி, ஆட்டாம்புழுக்கை, கோழிக் குப்பை வகையறாதான். மூக்கைப் பிடிச்சுக்கிறவங்க இப்பவே பிடிச்சுக்கலாம் :-)

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவுல இருக்கு எங்க அம்மாயி ஊரு. அங்க மாமா பையன் ஒருத்தன் குச்சிக்கிழங்கும் மஞ்சளும் வச்சிருக்கான். (மரவள்ளி, கப்பை, ஏழிலைக் கிழங்குன்னு ஊருக்கு ஒரு பேரு உண்டு. எங்க பக்கம் குச்சிக்கிழங்குதான்.) சில வருசத்துக்கு முன்னாடி அவன் ஒரு வீடியோ காமிச்சான். அமெரிக்காவுல ஒரு ப்ளூபெர்ரி தோட்டம். வரிசை வரிசையா செடி. நடுச்சால்ல டிராக்டர் மெதுவா போகுது. பின்னாடி ஒரு பெட்டி, பெட்டிக்குப் பக்கவாட்டுல ஒரு பெல்ட்டு. மக்குன குப்பை அந்த பெல்ட்டு வழியா வந்து, செடி வரிசையில மட்டும் கோடு போட்ட மாதிரி விழுது. சால்ல ஒரு பொட்டு சிந்தல.

"மாப்ள, அந்தப் பழச் செடிக்குச் செய்யறதை நம்ம கெழங்குக்குச் செஞ்சா ஆகாதா?"ன்னான்.

செஞ்சும் பாத்தான். அந்தக் கதைக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்சம் சரித்திரம் பேசணும். ஏன்னா இந்தக் கேள்விக்குப் பின்னால ஒரு ஆயிரம் வருசத்துத் தலைச்சுமை இருக்கு.

எருவோட பெருமையை நமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. உழுறதை விட எரு போடுறது நல்லதுன்னு வள்ளுவரே உழவு அதிகாரத்துல சொல்லிட்டாரு (1038). ஆனா அதுக்கு முந்தின குறள்லயே, நல்லா உழுது மண்ணைக் காயப்போட்டா ஒரு பிடி எருகூட வேண்டியதில்லைன்னும் சொல்றாரு. ரெண்டையும் சேத்து வச்சுப் பாத்தா எனக்குத் தோணுறது இதுதான்: அவர் காலத்துலயே எரு தட்டுப்பாடுதான். தாராளமா கிடைக்கிற பொருளை யாரும் பிடிக்கணக்குல பேச மாட்டாங்க.

சேலம், நாமக்கல் சமவெளியும் அப்படித்தான். காவிரிக்கரையை ஒட்டின மோகனூர், பரமத்தி வேலூர் பக்கம் தவிர மத்ததெல்லாம் மானாவாரியும் கிணத்துப் பாசனமும். செம்மண், சரளை. மழை கம்மி. போட்ட எரு அந்த வெயில்ல சீக்கிரம் கரைஞ்சிடும். வருசா வருசம் போட்டாத்தான் உண்டு. அதுக்கு மூணு வழி இருந்துச்சு.

ஒண்ணு கிடை போடுறது. மேச்சேரி ஆட்டுப் பக்கத்து ஊருங்க ஆச்சே நம்முது. அறுப்பு முடிஞ்ச காட்டுல ராத்திரி ஆட்டுமந்தையை மறிச்சு வச்சு, மறுநாள் பட்டியை நகர்த்தி, அடுத்த நாள் இன்னும் கொஞ்சம் நகர்த்தி... இப்படியே காடு முழுக்க. புழுக்கையும் விழும், மூத்திரமும் மண்ணுல இறங்கும். இதுல யோசிச்சுப் பாருங்க, எருவை யாரும் சுமக்கவே இல்ல. ஆடே நடந்து வந்து போட்டுட்டுப் போகுது. உலகத்துலயே ரொம்ப நேர்த்தியான எரு தூவுற இயந்திரம் எதுன்னு என்னைக் கேட்டா மேச்சேரி ஆடுன்னுதான் சொல்லுவேன். ரெண்டாவது, கோடையில ஏரி வண்டலை வெட்டி வண்டியில கொண்டாந்து கொட்டுறது. மூணாவது, வீட்டுக் குப்பைக்குழி. மாட்டுக் கொட்டாய்ச் சாணி, சாம்பல், தின்னு கழிச்ச தட்டு எல்லாம் வருசம் பூரா அதுல சேரும். சித்திரை, வைகாசியில குழியை வெட்டி, மாட்டு வண்டியில ஏத்தி, காட்டுல குமி குமியா கொட்டிட்டு வருவாங்க.

வண்டியோட வேலை அந்தக் குமியோட சரி. அதுக்கப்புறம் கூடைதான்.

இங்கதான் கணக்கு போட ஆசைப்படறேன். குச்சிக்கிழங்குக்கு ஹெக்டேருக்கு 25 டன் தொழு உரம்னு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு 10 டன்னுன்னு வச்சுக்குங்க. 3 அடிக்கு 3 அடி நட்டா ஏக்கருக்கு ஏறத்தாழ 5,000 செடி. அப்போ செடிக்கு 2 கிலோ, அதாவது ரெண்டு கையாலயும் அள்ளுனா ரெண்டு மூணு அள்ளு. கூடைக்கு 15 கிலோன்னா 10 டன்னுக்கு 660 நடைக்கு மேல. குமியிலிருந்து வரிசைக்குப் போயிட்டு வர சராசரி 100 மீட்டர்னு வச்சாலே 66 கிலோமீட்டர். சேலத்துலேருந்து கிளம்பினா நாமக்கல்லையும் தாண்டுற தூரம். ஒரே ஒரு ஏக்கருக்கு! அதுல பாதி தூரம் தலையில சுமையோட.

அந்தத் தலை யாரோட தலைங்கிறதை எழுதாம விட்டா இது வரலாறே இல்ல. வண்டி ஓட்டினது ஆம்பளைங்க. கூடை சுமந்தது பொம்பளைங்க. அதுலயும் கொங்குப் பக்கம் மாட்டுக் கொட்டாய் கூட்டி, குப்பைக்குழி வெட்டி, எருச் சுமந்தது பெரும்பாலும் அருந்ததியர் வீட்டு ஆளுங்க. வருசக் கூலிக்குப் பண்ணையத்துல இருந்த குடும்பங்க. எங்க காட்டுக்கு வந்துக்கிட்டிருந்த ஒரு அக்கா எனக்கு நல்லா ஞாபகம். எங்கம்மாவை விட வயசு அதிகம் அவங்களுக்கு. ஆனா அரை டவுசர் போட்ட நான் அவங்களைப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டேன், "வா, போ"ன்னுதான் பேசுனேன். அப்போ அது தப்புன்னு யாரும் சொல்லல, எனக்கும் உறைக்கல. இப்போ எழுதும்போது விரல் கூசுது. அதனால இந்தப் பதிவுல அவங்க அக்காதான்.

அந்த அக்கா எருப் போடுறதைப் பாக்கணும். கூடையை இடுப்புல சாய்ச்சுக்கிட்டு வரிசையோட நடந்துக்கிட்டே ஒரு கையால வச்சுக்கிட்டே போவாங்க. 'வச்சுக்கிட்டே'ங்கிற சொல்லைக் கவனிங்க. வீசுறது இல்ல. தண்டுல படாது, ஆனா வேருக்கு எட்டும், தண்ணி பாயுற பக்கமா விழும். "பச்சைக் கொழந்தைக்குச் சோறு ஊட்டறாப்பல"ம்பாங்க எங்க அம்மாயி. எரு கம்மியா இருக்கிற ஊர்ல, இருக்கிறதைச் செடி வாய்க்கு நேரா கொண்டுபோய் வைக்கிற தொழில்நுட்பம் அது. அதுக்குப் பட்டமும் கிடையாது, பேட்டன்டும் கிடையாது.

வெள்ளைக்காரன் வந்தான். நம்ம விவசாயத்தைத் திருத்தணும்னு அவனுக்கு ஒரு ஆசை. மெட்ராஸ் கவர்னரா இருந்த வில்லியம் டெனிசன் 1860களில் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பை உட்பட என்னென்னவோ கருவிகளை வரவழைச்சாரு. 1865இல் சைதாப்பேட்டையில ஒரு சோதனைப் பண்ணை தொடங்கினாங்க. 1876இல் அங்கயே விவசாயப் பள்ளி. பின்னாடி அதுதான் கோயமுத்தூருக்குப் போயி, கல்லூரியாகி, 1971இல் பல்கலைக்கழகம் ஆச்சு. ஆனா அந்தச் சீமைக் கருவிங்க நம்ம குடியானவன் காட்டுக்கு வந்து சேரல. ஜோடி மாடு இழுக்காத கனம், கொல்லன் பட்டறையில ரிப்பேர் பண்ண முடியாத இரும்பு, ஒரு கருவியோட விலையில பத்துக் கலப்பை செய்யலாம். எப்படி வரும்?

இதைப் புரிஞ்சுக்கிட்ட ஒரு வெள்ளைக்காரரும் இருந்தாரு. ஜான் அகஸ்டஸ் வோல்க்கர், வேதியியல் நிபுணர். 1889 கடைசியில வந்து ஒரு வருசத்துக்கு மேல இந்தியா பூரா சுத்திட்டு 1893இல் அறிக்கை வெளியிட்டாரு. இந்தியக் குடியானவன் விவரம் தெரியாதவன்ங்கிற பேச்சை அவர் ஒத்துக்கல. நல்ல குடியானவன் இங்கிலாந்து விவசாயிக்குச் சளைச்சவன் இல்லைன்னு எழுதினாரு. சாணியை எரு போடாம வறட்டி தட்டி எரிக்கிறானேன்னு மத்தவங்க திட்டினப்போ, விறகு கிடைக்காததுதான் காரணம், விறகுக்கு வழி பண்ணுங்க, சாணி தானா காட்டுக்குப் போகும்னாரு. எனக்கு இந்த ஆளை ரொம்பப் பிடிக்கும். பிரச்சினை புத்தியில இல்ல, பொருள்லன்னு கண்டுபிடிச்சவர்.

ஆனா அவரும் கூடையைப் பத்தி யோசிக்கல. கூடை சுமக்க ஆள் இருக்கிற வரைக்கும் யாருக்கும் அது பிரச்சினையாவே தெரியாது.

ஆள் கிடைக்காத ஊர்ல நடந்ததே வேற. அமெரிக்கா, கனடாவுல கூலியாள் கம்மி, நிலம் ஜாஸ்தி. 1870களில் கனடாவின் கியூபெக் மாகாணத்துல ஜோசப் கெம்ப்னு ஒருத்தர் குதிரை இழுக்கிற வண்டியில எரு தூவுற ஏற்பாட்டைச் செஞ்சாரு. வண்டியோட அடித்தட்டு மெதுவா பின்னாடி நகரும். கடைசியில சுத்துற உருளை ஒண்ணு எருவைக் கிழிச்சு வெளியே தள்ளும். ஆனா அது வண்டி அகலத்துக்கு மட்டும்தான் விழுந்துச்சு. 1899இல் ஓஹியோ மாநிலத்துல மரியா ஸ்டெய்ன்ங்கிற சின்ன ஊர்ல பள்ளிக்கூட வாத்தியாரா இருந்த ஜோசப் ஓப்பன்ஹெய்ம் அடுத்த படிக்குப் போனாரு. அவரோட பள்ளிக்கூடத்துப் பெரிய பசங்க, எருச் சுமக்கிற நாள்ல எல்லாம் மட்டம் போட்டுடுவாங்களாம். இதுக்கொரு வழி பண்ணணும்னு யோசிச்சவர், பசங்க மட்டையால பந்தடிக்கிற விளையாட்டைப் பாத்துட்டு, சாய்வா வச்ச தகட்டு மட்டைங்க சுத்தி எருவை ரெண்டு பக்கமும் அகலமா விசிறுற மாதிரி அமைச்சாரு. ரெண்டே வருசத்துல, 1901இல் அவர் இறந்துட்டாரு. குடும்பம் கம்பெனியைத் தொடர்ந்து நடத்தி, அந்த வண்டி அமெரிக்கா பூரா பரவுச்சு.

வாத்தியார் மேல எனக்கு மரியாதை உண்டு. நம்ம ஊர்லயும் எருச் சுமக்கப் போயி பள்ளிக்கூடத்தை விட்ட பிள்ளைங்க எத்தனையோ பேர். அவங்களுக்காக எந்த வாத்தியாரும் மெஷின் கண்டுபிடிக்கல.

ஆனா ஒண்ணு. கெம்ப்பும் ஓப்பன்ஹெய்மும் செஞ்சது விசிறுற மெஷின். அவங்களுக்கு மக்காச்சோளமும் புல்லும் போடுற பெரிய வயல். குளிர்காலம் பூரா கொட்டாய்ல கட்டுன மாட்டோட சாணி மலை மாதிரி கிடக்கும். அதைச் சீக்கிரமா காலி பண்ணி வயல் முழுக்கப் பரப்பணும். நமக்கு அது ஆகாது. 3 அடி இடைவெளியில சால் போட்ட காட்டுல விசிறுனா பாதி எரு சால்ல விழுந்து களைக்குத்தான் சாப்பாடு. அமெரிக்காக்காரனும் பழச்செடி, திராட்சைன்னு வரிசைப் பயிருக்கு வந்தப்போ இதே சிக்கல்ல மாட்டினான். அதனாலதான் அந்தப் பக்கவாட்டு பெல்ட்டு. சுருக்கமா சொன்னா, விசிறுற மெஷினை வைக்கிற மெஷினா மாத்தி, அவன் நம்ம அக்காகிட்ட வந்து சேர்ந்தான். (பெர்ரின்னதும் ஒரு ஞாபகம். சேலத்துக்காரனுக்குப் பழைய பெர்ரின்னா அது ஏற்காட்டு காப்பிப்பழம்தான். 1820களில் கலெக்டர் காக்பர்ன் காலத்துல சேர்வராயன் மலைக்கு வந்தது. மலைச்சரிவுல டிராக்டராவது ஒண்ணாவது, அது தனிக்கதை. விடுங்க.)

சரி, நம்ம சமவெளிக்கு வருவோம். இங்க எருவோட கதையைத் தலைகீழா மாத்தினது உர மூட்டை மட்டும் இல்ல. கரண்டும்தான். 1934இல் மேட்டூர் அணை. அடுத்த சில வருசத்துல அங்கிருந்து மின்சாரம். மெல்ல மெல்ல கிணத்து மேட்டுக்கு மோட்டார் வந்துச்சு. அதுவரைக்கும் கவலை இழுக்க ரெண்டு ஜோடி மாடு வேணும். மோட்டார் வந்ததும் அந்த மாடு வேண்டாம். 1960இல் மெட்ராஸ்ல டாஃபே கம்பெனி தொடங்கி, அப்புறம் பத்து இருபது வருசத்துல டிராக்டர் எங்க ஊர் வரைக்கும் வந்ததும் உழவு மாடும் வேண்டாம். வண்டி மாட்டை லாரி விழுங்கிடுச்சு. லாரி நாமக்கல் ஊராச்சே! மாடு போச்சுன்னா சாணி போச்சு. குப்பைக்குழி பாதிகூட நிறையல. அந்த இடத்துல யூரியா வந்து உக்காந்துச்சு. எங்க அப்புச்சி யூரியாவை "சீமை உப்பு"ம்பாரு, கடைசி வரைக்கும்.

இதே காலத்துல பயிரும் மாறுச்சு. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல வெளிநாட்டு மாவு வரத்து நின்னுபோக, 1943 வாக்குல சேலத்துல மாணிக்கம் செட்டியார் மரவள்ளி மாவு எடுக்க ஆரம்பிச்சாரு. மலேயாவுல ஜவ்வரிசித் தொழிலைப் பாத்திருந்த போபட்லால் ஷா கூடச் சேர்ந்தாரு. அப்படி ஆரம்பிச்சதுதான் சேலத்து ஜவ்வரிசி. 1981இல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம். சேகோ மில்லு வர வர கம்பும் சோளமும் நின்ன காட்டுல எல்லாம் குச்சிக்கிழங்கு. முள்ளுவாடி, குங்குமரோஸ், எச் 226ன்னு ரகம் ரகமா. பத்து மாசம் நிலத்துல நின்னு மண்ணை உறிஞ்சுற பயிர். வரிசை நடவு. எரு கேக்குற நேரத்துல பாத்து ஊர்ல மாடு இல்ல.

அப்போ வந்து காப்பாத்தினது கோழி.

1970களிலிருந்து நாமக்கல்ல முட்டைக் கோழிப்பண்ணைங்க பெருக ஆரம்பிச்சுது. 1982இல் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989இல் சத்துணவுல முட்டை. 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல் சேலத்திலிருந்து பிரிஞ்சு தனி மாவட்டமா இயங்க ஆரம்பிச்சப்போ அது முட்டையூர்னு பேரெடுத்தாச்சு. முட்டைக் கணக்கை எல்லாரும் பேசுவாங்க. யாரும் பேசாத கணக்கு ஒண்ணு இருக்கு. ஒரு முட்டைக்கோழி ஒரு நாளைக்கு ஈரத்தோட 100 கிராம் சுமார் எச்சம் போடும். ஒரு லட்சம் கோழி இருக்கிற பண்ணையில தினம் 10 டன்! காஞ்சா மூணு நாலு டன் தேறும். கூண்டுக்குக் கீழ மாசக்கணக்கா குவிஞ்சு கிடக்கும். ஈ மொய்க்கும். ஒரு காலத்துல எடுத்துட்டுப் போனாச் சரின்னு இருந்தது, அப்புறம் லாரி லோடு விலையாச்சு, கேரளா வரைக்கும் போகுது.

சத்துன்னு பாத்தா தொழு உரத்துல தழைச்சத்து அரை சதவீதம். காஞ்ச கோழி எருவுல 3 சதவீதம், மணிச்சத்து 2.6, சாம்பல்சத்து 1.4. ஆறுல ஒரு பங்கு போட்டாலே தழைச்சத்துக் கணக்கு சரியாயிடும். 10 டன் தேவைப்பட்ட ஏக்கருக்கு ரெண்டு டன்னுக்குள்ள போதும். ஆனா குணம் வேற. கோழி எச்சத்துல தழைச்சத்து பெரும்பாலும் யூரிக் அமிலமா இருக்கு. அது வேகமா அம்மோனியாவா மாறி ஆவியாப் போகும். காத்துல திறந்து போட்டா 30 நாள்ல பாதி தழைச்சத்து காலி. பண்ணைக்குள்ள கண்ணு எரியுதே, அது காசு பறக்கிற நாத்தம். இன்னொண்ணு, பச்சையா தண்டுல பட்டா செடி கருகிடும். ஆக, மேல தூவிட்டு விட்டா ஆவி. ஒட்டி வச்சா கருகல். வரிசைக்குப் பக்கத்துல, கொஞ்சம் தள்ளி, மண்ணுக்குள்ள போகணும். அதாவது சாணியை விடக் கோழி எருவுக்குத்தான் அந்த அக்காவோட கை அதிகமா வேணும்.

கை எங்க? அதுக்குள்ள அக்கா மகன் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில ஏறி வடநாடு போயிட்டான். மக நூல் மில்லுக்கு. 2008இல் எல்லா மாவட்டத்துக்கும் நூறு நாள் வேலை வந்தப்புறம் எருக்கூடைக்கு ஆள் கூப்பிட்டா, "அதுக்கெல்லாம் வர்றதில்லீங்க"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ல முடிஞ்சுது. ஊர்ல பெருசுங்க "ஆளே கெடைக்கறதில்ல, காலம் கெட்டுப்போச்சு"ன்னு புலம்பினாங்க. எனக்கென்னவோ காலம் அப்பத்தான் கொஞ்சம் நல்லாச்சுன்னு தோணுது. இதைச் சொன்னா எங்க மாமா என்கிட்ட ரெண்டு நாள் பேச மாட்டாரு, பரவால்ல.

சரி, மச்சானோட மெஷின்.

முதல் வருசம் அவன் செஞ்சது மெஷினே இல்ல. டிரெய்லரோட பின்கதவுல ரெண்டு ஓட்டை. ஓட்டைக்கு ஒரு தகரப் பீலி, கூரைத் தண்ணி வழிய வைக்கிறோமே அது மாதிரி. டிரெய்லருக்குள்ள ரெண்டு பேர் நின்னு முள்வாரியால இழுத்து விட, எரு பீலி வழியா ரெண்டு வரிசையில விழும். தலைச்சுமை போச்சு, நடை போச்சு. ஆனா உள்ள நின்னவங்களுக்கு மூச்சு முட்டுச்சு. துண்டைக் கட்டிக்கிட்டும் அரை நாளுக்கு மேல தாங்கல.

ரெண்டாவது வருசம் வீடியோ பாத்துட்டு பெல்ட்டு. லாரி பாடி கட்டுன அனுபவம் உள்ள ஒரு பட்டறைக்காரர் பக்கத்து ஊர்ல. (நாமக்கல்ல இது ஒரு வசதி. வெல்டிங் தெரியாத தெருவே கிடையாது.) பெட்டியோட அடியை வி மாதிரி சரிவாக்கி, கீழ பழைய கன்வேயர் பெல்ட்டு, அதை டிராக்டரோட பி.டி.ஓ. தண்டுல மாட்டி ஓட்டினாங்க. ஈர எரு சரிவுல இறங்காம பாலம் கட்டிக்கிச்சு. மேல எரு நிக்குது, கீழ வெத்து பெல்ட்டு ஓடுது! சரிவை இன்னும் செங்குத்தாக்கி, உள்ள கம்பி வச்ச ஒரு தண்டைச் சுத்த விட்டாங்க. கட்டி வந்து அடைச்சுது. மேல கம்பிச் சல்லடை போட்டாங்க. ஓரளவு ஓடுச்சு.

அப்பத்தான் அந்தப் பத்து செடி. நட்டு ஒரு மாசமான காட்டுல ஓட்டிக்கிட்டிருந்தப்போ மச்சானுக்கு போன் வந்துச்சு. கிளட்சை முழுசா அமுக்காம வண்டியை மட்டும் நிறுத்திட்டுப் பேசிக்கிட்டே இருந்தான். சக்கரம் நின்னுச்சு, பெல்ட்டு நிக்கல. ஒரே இடத்துல குவிஞ்சு கிடந்ததை அப்படியே காலால தள்ளி விட்டுட்டு வந்துட்டான். நாலாம் நாள் அங்க பத்து செடி வெந்த கீரை மாதிரி கருகித் தொங்குச்சு.

இதுக்கு விடை அந்தக் கெம்ப்போட குதிரை வண்டியிலயே இருந்துச்சுங்க. அந்தக் காலத்துல பி.டி.ஓ. ஏது? வண்டிச் சக்கரத்துலேருந்தே சங்கிலி போட்டுத்தான் அடித்தட்டை ஓட்டினாங்க. சக்கரம் ஓடினா எரு விழும், நின்னா நின்னுடும். வேகமா போனாலும் மெதுவா போனாலும் மீட்டருக்கு அதே அளவு. கணக்கு இப்படி: ஏக்கருக்கு வரிசை நீளம் ஏறத்தாழ 4,500 மீட்டர். ரெண்டு டன்னுன்னா மீட்டருக்கு 440 கிராம். மணிக்கு 3 கிலோமீட்டர் வேகத்துல ஒரு வரிசையா போனா ஒண்ணரை மணி நேரத்துல ஏக்கர் முடியும், நிமிசத்துக்கு 22 கிலோ விழுந்தாப் போதும். பழைய படங்களைப் பாத்துட்டு நான் இதைச் சொன்னப்போ மச்சான் நம்பல. பட்டறைக்காரர் நம்பினாரு. டிரெய்லர் அச்சுல ஒரு பல்சக்கரம், ஒரு மோட்டார் பைக் செயின். நூத்தி முப்பது வருசத்துக்கு முந்தின குதிரை வண்டி வித்தை நாமக்கல்ல மறுபடி ஓடுச்சு :-)

அதோட தீரல. பெரிய டிராக்டரோட சக்கர இடைவெளி 3 அடிச் சாலுக்குச் சேராது. சக்கரம் கரை மேல ஏறி கிழங்கை நசுக்கும். மினி டிராக்டருக்கு மாத்தினான், பெட்டியும் பாதியாச்சு. சொட்டுநீர்க் குழாய் போட்ட காட்டுல நட்டப்புறம் எந்த வண்டியும் இறங்க முடியாது. அதனால இப்போ நடுறதுக்கு முன்னாடியே சால் பிடிச்சு, மக்க வச்ச கோழி எருவைச் சால்ல கோடா விட்டு, பின்னாடியே ரெண்டு கொழு மண்ணைத் தள்ளி மூடிடுது. ஆவியாகிற வேலையும் இல்ல, கருகுற வேலையும் இல்ல. குச்சியை அந்தக் கரையில நடுறாங்க. நாத்தம்கூடப் பாதிதான்.

போன தடவை போனப்போ அக்காவைப் பாத்தேன். எழுபது தாண்டியாச்சு. கழுத்து ஒரு பக்கம் சாய்ஞ்சே இருக்கு. நேரா நிமிர்த்தினா வலிக்குதாம். காட்டோரம் நின்னு மெஷின் ஓடுறதைப் பாத்துக்கிட்டிருந்தாங்க. "எப்படிங்கக்கா இருக்கு?"ன்னேன். நான் 'ங்க' போட்டதுக்கு ஒரு தடவை திரும்பிப் பாத்துட்டு, மறுபடி மெஷினைப் பாத்தாங்க.

"நல்லாத்தேன் வெக்கிது சாமி. இது அன்னிக்கே வந்திருந்தா என்ன" ன்னாங்க. அப்புறம் கையை நீட்டி, "ஆனா அந்த மூலைக்குப் போவாது பாரு" ன்னாங்க.

போகல. வண்டி திரும்புறதுக்குக் காட்டோட ரெண்டு தலைப்புலயும் பத்தடி விட வேண்டியிருக்கு. அந்தப் பத்தடிக்கு மட்டும் இன்னமும் கூடைதான். அன்னிக்கு அதை மச்சானும் நானும் சுமந்தோம். பன்னெண்டு கூடை. எனக்கு மூணு நாள் கழுத்து வலி.